வெள்ளரிக்குளத்தில் நேர்க்கூற்று நின்ற ஆனி மாதம்

எங்கள் வெள்ளரிக்குளத்தில் ஆனி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு நேர்க்கூற்று நின்றுபோயிற்று. அதாவது, ஒருவர் இன்னொருவரைப் பார்த்துத் தன் மனதில் உள்ளதைச் சொன்னால் அது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்டது, எதிர்க்கடையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்டது, சுவருக்கு அந்தப்பக்கம் காதை வைத்துக்கொண்டிருப்பவருக்கு ரொம்ப நன்றாகக் கேட்டது, யாரிடம் சொன்னோமோ அந்த ஆளுக்கு மட்டும் கேட்கவில்லை. மணி முதற்கொண்டு எப்படிச் சொல்கிறாய் தனபாக்கியம் என்று கேட்பீர்கள். என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் மேலேதான் பரமகுரு சாருடைய டுட்டோரியல். அன்றைக்கு அவர் பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தார், போர்டின் இடது பக்கம் டைரக்ட் ஸ்பீச்சில் இருபத்தைந்து வாக்கியம், வலது பக்கம் அவற்றையெல்லாம் இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றி இருபத்தைந்து வாக்கியம், ராமு ‘நான் நாளை இங்கே வருவேன்’ என்றான் என்பதை ராமு தான் மறுநாள் அங்கே வருவதாகச் சொன்னான் என்று ஆக்கி முடித்த கையோடு, இனி இடது பக்கத்துக்கு வேலையில்லை என்று ஈரத்துணியால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டுத் திரும்பி, “புரிஞ்சுதா?” என்றார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்த எனக்குத்தான் கணீரென்று கேட்டது. “எனக்குப் புரிஞ்சுது சார்” என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன், அது அவருக்குக் கேட்கவில்லை.

ஈரத்துணியால்தான் இப்படி ஆயிற்று என்று சிலரும், அந்த வருஷத்துச் சாரல் சீக்கிரம் வந்ததால் காது அடைத்துக்கொண்டது என்று சிலரும் இரண்டு நாள் ஆராய்ச்சி செய்தார்கள். மூன்றாம் நாள் எல்லாருக்கும் வேலை இருந்தது. தென்காசிக்குப் போனால் சரியாகிவிடுமா என்று பார்க்க ஏழெட்டுப் பேர் வேன் பிடித்துப் போய், அங்கே பஸ் ஸ்டாண்டில் எதிரும் புதிருமாக நின்று ஒருத்தரை ஒருத்தர் கத்திப் பார்த்தார்கள்; தென்காசிக்காரர்கள் கூடிநின்று வேடிக்கை பார்த்ததுதான் மிச்சம். வெளியூர்க்காரர்களோடு பேசினால் ஒரு தொந்தரவும் இல்லை, எங்கள் ஊர்க்காரரும் எங்கள் ஊர்க்காரரும் பேசினால் எந்த ஊருக்குப் போனாலும் கேட்காது, கல்யாணம் கட்டி வந்தவர்களும் வீட்டோடு இருக்கிற மருமகன்களும் ஊர்க்கணக்கில் சேர்த்தி என்று கண்டுபிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

இன்னொன்றையும் ஊர் தானாகவே கண்டுபிடித்தது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் எடுத்துச் சொன்னால் கேட்கும். டீக்கடையில் மாரியப்பண்ணன் வாயைத் திறந்து மூடினால், பெஞ்சில் இருக்கிற யாராவது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “மாரியப்பண்ணன் சீனி கம்மியா ஒரு டீ கேக்காக” என்பார்கள், டீ வந்துவிடும். பரமகுரு சார் இதற்கும் இங்கிலீஷ் விதியைக் கொண்டுவந்து, ‘இன்று’ என்பதை ‘அன்று’ ஆக்கு, ‘இங்கே’ என்பதை ‘அங்கே’ ஆக்கு என்று ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார், நான்தான் இருநூறு காப்பி எடுத்துக் கொடுத்தேன். யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இங்கிலீஷ்காரனுக்கு ஒரு வார்த்தையை இன்னொருத்தரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு பாடு, நமக்கு வாக்கியத்தின் வாலில் ஒரு ‘ன்னு’ ஒட்டினால் போதும், அப்படியே ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சண்டை குறைந்துபோயிற்று. சண்டை போட மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நாலாவது வசவிலேயே சலித்துப்போய், “அவ உன்ன என்னமோ சொல்லுதா, விடு” என்று முடித்துவிடுவாள். கோயிலில் அம்மனைப் பார்த்து வேண்டினால் அம்மனுக்குக் கேட்காதே என்று பயந்து, பெண்கள் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து வேண்டுதலைச் சொன்னார்கள், அம்மன் ஒட்டுக்கேட்கட்டும் என்று. அம்மனோடு சேர்ந்து வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. வேலம்மாள் தன் மகளுக்குப் பிரசவத்துக்குத் துணைக்கு ஆளில்லை என்று அழுத மறுநாளே அவள் வீட்டு வாசலில் நாலு பேர் பையோடு வந்து நின்றார்கள், அம்மனுக்கு அந்த மாதம் வேலையே இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார்களில் பாதிப் பேர் ஊரில் இப்படி ஒன்று நடந்ததையே கவனிக்கவில்லை. புத்தகத்தில் இப்படிப் போட்டிருக்கிறது, அப்படிப் போட்டிருக்கிறது என்றே இருபது வருஷமாக நடத்தியவர்கள் அவர்கள். பரமகுரு சார் மட்டும் சொந்தமாகப் பேசி நடத்துகிறவர், ஆகையால் வகுப்பைப் பார்த்துப் பேசினால் முப்பத்திரண்டு பேருக்கும் கேட்காது. அவர் ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு, தினம் ஒரு பிள்ளையை அதில் உட்காரவைத்து, அந்த ஒரு பிள்ளையிடம் மட்டும் பாடத்தைச் சொன்னார். மற்ற முப்பத்தோரு பேருக்கும் நன்றாகக் கேட்டது. அந்த நாற்காலிக்குப் பிள்ளைகளிடையே அடிதடி.

இப்படி ஊரே புதிதாகக் கற்றுக்கொண்ட வித்தை, ஒரே ஒரு வீட்டில் ஒன்பது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அது பரமகுரு சாருடைய வீடுதான்.

நடந்தது இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சாருடைய அக்கா மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் கூடியிருந்தார்கள். பெண் வீடு பெங்களூர். சாருடைய சம்சாரம் உலகம்மா மதினி, வந்தவர்களிடம் சொல்வதற்கென்று ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை ஒரு வாரமாகத் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று மனப்பாடம் செய்துவைத்திருந்தாள், உங்களைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம் என்று. சொன்னாள். ஒரு வார்த்தை பிசகிவிட்டது. சார் அத்தனை பேர் முன்னாலும் அதைத் திருத்தினார், திருத்தியதோடு விட்டாரா, “பத்தாங்கிளாஸ்ல இவ இங்கிலீஷ்லதான் கோட்டை விட்டா” என்று சிரித்தார், பந்தலே சிரித்தது. மதினியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்தாள், மறுநாள் காலையில் பதினாலு வயது மகள் அனுசுயாவைக் கூப்பிட்டு, “உங்கப்பாவ சாப்பிட வரச்சொல்லு” என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவரைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை.

அனுசுயாதான் நடுவில். அம்மா சொல்கிறதை அப்பாவுக்கும் அப்பா சொல்கிறதை அம்மாவுக்கும் ஒன்பது வருஷமாக எடுத்துச் சொன்னாள், எடுத்துச் சொல்கிற வழியிலேயே முள்ளையெல்லாம் பிடுங்கிப் போட்டாள். சார், “குழம்பா இது, கழுநீரா?” என்று கேட்டால், “அப்பாவுக்கு இன்னுங் கொஞ்சம் மோர் வேணுமாம்” என்று போய்ச் சேரும். மதினி, “சட்டைய எங்க கழட்டிப் போட்டாகளோ அங்கயே போய்த் தேடச்சொல்லு” என்றால், “சட்டைய அம்மா தேடிட்டிருக்காங்க” என்று வந்து சேரும். சார் எத்தனையோ தடவை மகளிடம், “நான் வருத்தப்படுதேன்னு அம்மாகிட்டச் சொல்லு” என்று சொல்லி அனுப்பினார். மதினி ஒரே பதில்தான் அனுப்பினாள்: “அத அவுக வாயால நேரா எங்கிட்டச் சொல்லட்டும்.” சாருக்கு வாய் வரவில்லை. முப்பத்திரண்டு பேருக்கு முன்னால் மூன்று மணி நேரம் நிற்காமல் பேசுகிற மனிதருக்குச் சமையல்கட்டு வாசலில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கு அவர் மேல் கோபம்தான், இன்றைக்கும் கொஞ்சம் உண்டு.

ஊரில் நேர்க்கூற்று நின்றதும் எல்லாரும் அனுசுயாவிடம்தான் ஓடினார்கள். எதை எடுத்துச் சொல்ல வேண்டும், எதை வழியில் விட்டுவிட வேண்டும், கோபத்தை எப்படி ஆற்றிக் கொடுக்க வேண்டும் என்று அவள் வாசலில் சாயங்காலம் நாற்பது பேர் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதையும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள், தன் அம்மாவைப் பார்த்துப் படித்த பாடம் அது. எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் கதவையோ கோழியையோ பார்த்துச் சொல்லிவிட்டால் போதும், எதிரில் இருப்பவருக்குக் கேட்டுவிடும். ஜாடைப் பேச்சு என்று முன்னெல்லாம் முகம் சுளித்த ஊர், ஒரே வாரத்தில் லைட் கம்பத்திடம் குசலம் விசாரித்தது, சைக்கிளிடம் காதலைச் சொன்னது, தெருநாய்களுக்கு நிற்க நேரமில்லாமல் போயிற்று.

ஆனால் அந்தப் பிள்ளை மனதில் இருந்தது வேறு. கண் பரிசோதனைக்குப் படித்து முடித்திருந்த அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, ஆனி இருபத்தெட்டாம் தேதிக்குள் வந்து சேரவேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்க வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் என் மெஷினைப் பார்த்துச் சொன்னாள்:

“நான் போகல. நான் போயிட்டா அந்த வீட்டுல ரெண்டு பேரும் சுவரப் பாத்தே பேசிப் பேசிச் செத்துப்போவாங்க. பாக்கியம் அத்தைகிட்ட மட்டுந்தான் சொல்லுதேன், வேற யாருக்கும் தெரியாண்டாம்.”

அவள் படிப்பதற்குப் பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் ஸ்டேப்ளரைப் பார்த்து, “கூறு இருக்கா ஒருத்திக்கு? இத்தனை வருஷம் படிச்சது அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் தூது போகவா?” என்று கேட்டேன். அவள் சான்றிதழ்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். ரகசியம் என்று அவள் சொன்னது கடைக்கு வெளியே பேனா வாங்க நின்ற இரண்டு பேருக்கும் கேட்டிருந்தது, மதியத்துக்குள் சாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஒரு மார்க் ஷீட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாளே என்று அதைக் கொடுக்க நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி அரிசி களைந்துகொண்டிருந்தாள், அனுசுயா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சார் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒன்பது வருஷமாக வராத வாய் அன்றைக்கு வந்தது.

“தப்பு எம்மேலதான், உலகு. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது.”

எனக்குக் கேட்டது. அனுசுயாவுக்குக் கேட்டது, அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். மதினிக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, உதடு அசைந்ததைப் பார்த்து, என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை, கண் கலங்கியது, ஆனால் காதில் ஒன்றும் விழவில்லை. அனுசுயா எடுத்துச் சொல்லப் போனாள், மதினி ஈரக்கையை நீட்டித் தடுத்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து என்னமோ சொன்னாள். எங்களைப் பார்த்துச் சொன்னதால் எங்களுக்குக் கேட்கவில்லை. சார்தான் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

“நீங்க ரெண்டு பேரும் எடுத்துச் சொல்லப்படாதுங்கா. இது என் வாயிலேருந்து நேரா வரணுமாம். அடுத்தவுக சொல்லிக் கேட்டா அது அடுத்தவுக சொன்னதுதானாம்.”

அதைச் சொல்லி முடிக்கும்போது சாருக்குக் குரல் உடைந்துவிட்டது. மனைவி சொன்ன ஒன்றை அவர் ஒரு எழுத்துப் பிசகாமல், திருத்தாமல் எடுத்துச் சொன்னது அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அதற்கப்புறம் அவர் செய்யாத வேலை இல்லை. அம்மிக்கல்லைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார், மதினி கொடியில் காய்ந்த துணியிடம், “அம்மிக்கா மானம் போச்சு? எனக்குல்லா போச்சு” என்றாள். கடிதம் எழுதினார், இரண்டு பக்கம், உட்கார்ந்து யோசித்து யோசித்து எழுதினார். பழக்கதோஷம், மனிதர் அதை இங்கிலீஷில் எழுதித் தொலைத்துவிட்டார். லீவ் லெட்டரோ ராஜினாமாவோ மன்னிப்போ, காகிதத்தில் எழுதுவதென்றால் அவருக்கு அந்த ஒரு பாஷைதான் வரும். மதினி அதை நாலாக மடித்து அனுசுயா கையில் கொடுத்து, “இதுலயாவது நான் பாஸா ஃபெயிலான்னு கேட்டுட்டு வரச்சொல்லு” என்று வாசல்படியிடம் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

இருபத்தேழாம் தேதி மத்தியானம் மதினி பரண் மேலிருந்து பெட்டியை இறக்கி, மகளுடைய துணிகளை எடுத்து வைத்துக்கொண்டே பெட்டியிடம் பேசினாள். “எனக்காக ஒருத்தி வேலைய விட்டுட்டு இங்க கெடந்தான்னா, நாளைக்கு அவளும் மனசுக்குள்ள ஒன்ன வச்சிக்கிட்டு எங்கூடப் பேசாம இருப்பா. இந்த வீட்டுல பேசாம இருக்கதுக்கு ஒரு ஆளு போதும்.” அனுசுயா அழுதாள். அப்புறம் எழுந்து போய்த் தன் புதுச் செருப்பை எடுத்து வந்து பெட்டி பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை ஆறரை மணி கோயம்புத்தூர் பஸ் எங்கள் ஊரிலிருந்தே கிளம்புகிறது. டிரைவர் கீழத்தெரு, கண்டக்டர் எங்கள் ஊர் மருமகன், ஏறியிருந்தவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் எல்லாம் எங்கள் ஆட்கள். சாரல் தூறிக்கொண்டிருந்தது. அனுசுயா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கீழே ஆளுக்கொரு பக்கமாக நின்ற அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிவிடுவாளோ என்று எனக்குப் பக்கென்றிருந்தது, ஒரு தடவை பெட்டி மேல் கையும் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் பரமகுரு சார் குடையை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸின் படியில் ஏறித் திரும்பி நின்றார். உள்ளே இருந்தவர்களை ஒரு தடவை பார்த்தார், வெளியே நின்ற எங்களை ஒரு தடவை பார்த்தார், பூக்காரி செல்லத்தாயிலிருந்து டீக்கடை பெஞ்சு மாரியப்பண்ணன் வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மதினியை மட்டும் பார்க்கவில்லை. கையைக் கூப்பினார். பேச ஆரம்பித்தார்.

ஜாடை இல்லை அது. அவர் நிஜமாகவே எங்களிடம்தான் பேசினார், ஊரைக் கூட்டி வைத்து ஊரிடம் ஒப்புக்கொள்கிற மனிதன் எப்படிப் பேசுவானோ அப்படி, வேர்த்து வேர்த்து, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கி, தன் நெஞ்சைத் தானே தொட்டுக் காட்டிப் பேசினார். எங்களிடம் பேசியதால் எங்களில் ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் எஞ்சின் கேட்டது, தகரக் கூரையில் தூறல் கேட்டது, அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. அந்த இடத்தில் அவர் யாரிடம் பேசவில்லையோ அந்த ஒருத்திக்குத்தான் அத்தனையும் கேட்டது.

நான் மதினியைப் பார்த்தேன். முதலில் அவள் தலையைக் குனிந்திருந்தாள். அப்புறம் நிமிர்ந்தாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி குலுங்கினாள், ஒரு கட்டத்தில் சார் என்னமோ சொல்ல, சிரிப்புத்தான் என்று தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் பார்த்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். ஏன் என்றே தெரியாமல் செல்லத்தாய் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சார் முடித்துக்கொண்டு படியிலிருந்து இறங்கினார். மதினி நேராகக் கண்டக்டரிடம் போனாள்.

“வண்டிய எடுங்க தம்பி. அந்தப் பிள்ள நிம்மதியாப் போகட்டும். வீட்டுல நாங்க ரெண்டு பேரு இருக்கோம், பேசிக்கிடுவோம்.”

கண்டக்டருக்குக் கேட்கவில்லை. ஜன்னலில் இருந்த அனுசுயாவுக்குக் கேட்டது. பெட்டி மேலிருந்த கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வண்டிய எடுக்கணுமாம், எங்கம்மா சொல்லுதாங்க” என்று அவளே கண்டக்டருக்கு எடுத்துச் சொன்னாள். விசில் அடித்தது, பஸ் கிளம்பியது, வளைவு திரும்புகிற வரைக்கும் அவள் கை வெளியேதான் இருந்தது.

என்னால் சும்மா இருக்க முடியுமா? ஊரில் ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் எல்லாருக்கும் எல்லாம் தெரிகிற அந்த ஆனி மாதத்தில், எங்களிடமே சொன்ன ஒன்று எங்களுக்கே தெரியாமல் போனால் எப்படி? செல்லத்தாயை இடித்தேன், அவள் மதினியிடம், “சார் என்ன சொன்னாகன்னு தனபாக்கியம் அக்கா கேக்காக” என்றாள். மதினி என் பக்கம் திரும்பாமல் செல்லத்தாயைப் பார்த்தே பதில் சொன்னாள், எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

“அத எடுத்துச் சொல்லதுக்கில்ல. சொன்னா அது நான் சொன்னதாயிரும். அவுக சொன்னது எங்கிட்டயே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு என் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு நடந்தாள். சார் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, இருந்தாலும் கடை திறக்கப் போகாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சார் குடைக்கம்பியிடம் என்னமோ சொன்னார், மதினி சிரித்தாள். மதினி ரோட்டில் கிடந்த தண்ணீரிடம் என்னமோ சொன்னாள், சார் நின்றே விட்டார், நின்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அப்படி நின்று நின்று, கம்பத்துக்குக் கம்பம் பேசிப் பேசிப் போனார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு நடந்தால் ஐந்து நிமிஷம், அன்றைக்கு அவர்கள் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.